புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை யார் முடிவு செய்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆதித் திருச்சபை வரலாற்றைப் பற்றிப் பேசப் போகும் இடமெல்லாம் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. வேதபாட வகுப்பில் பெரியவர்கள் கேட்கிறார்கள், கல்லூரிப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டிக் கேட்கிறார்கள், கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை கடைசியில்.

பைபிள்ல எந்தப் புத்தகம் இருக்கணும்னு நிசேயாவுல ஓட்டுப் போட்டுத்தானே முடிவு பண்ணாங்க?

இல்லை. கி.பி. 325-இல் நிசேயாவில் (இன்றைய துருக்கியின் இஸ்னிக்) கூடிய பிஷப்புகளின் சங்கம் இயற்றிய 20 ஒழுங்கு விதிகள் நம்மிடம் இருக்கின்றன. அதன் விசுவாச அறிக்கையும், எகிப்துச் சபைகளுக்கு அது எழுதிய கடிதமும் இருக்கின்றன. நேரில் இருந்த செசரியா பிஷப் யூசிபியஸும், பின்னாளில் அலெக்சாந்திரியா பிஷப்பான அத்தனாசியஸும் அந்தச் சங்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இவை எதிலும் நூல் பட்டியல் கிடையாது. பிற்காலத்தில் பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம், யூதித்து என்ற ஒரு நூலை மட்டும் நிசேயா வேதநூல்களோடு சேர்த்து எண்ணியதாகச் சொல்லப்படுகிறது என்று போகிற போக்கில் எழுதுகிறார். அவ்வளவுதான்.

கதை பிறந்தது 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட ஒரு கிரேக்கத் தொகுப்பில். அதில் வருவதும் ஓட்டெடுப்பு கிடையாது, ஓர் அற்புதம். எல்லா நூல்களையும் பலிபீடத்தருகே வைத்து ஜெபித்தார்களாம், தெய்வீக நூல்கள் மேலே இருந்தனவாம், போலிகள் கீழே கிடந்தனவாம். சங்கம் முடிந்து 500 ஆண்டுகளுக்கு மேல் கழிந்து எழுதப்பட்ட இந்தக் கதையை 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் எடுத்துக் கேலி செய்தார். அங்கிருந்து நாவலுக்கும் சினிமாவுக்கும் வந்து, இன்று கைபேசிக்கும் வந்துவிட்டது.

அப்போ நிசேயாவுல என்னதான் பேசினாங்க?

முக்கியமாக ஆரியஸ் விவகாரம். அவர் அலெக்சாந்திரியாவில் ஒரு மூப்பர். மகன் தந்தைக்குச் சமமானவர் அல்லர், அவர் இல்லாதிருந்த நிலை ஒன்று இருந்தது என்று போதித்தார். அவருடைய பிஷப் அலெக்சாந்தர் அதை எதிர்த்தார். சங்கம் பிஷப் பக்கம் நின்றது: மகன் தந்தையோடு ஒரே சாரமுள்ளவர், படைக்கப்பட்டவர் அல்லர் என்று அறிக்கையில் எழுதியது. லிபியாவைச் சேர்ந்த தெயோனாஸ், செகுந்துஸ் என்ற இரண்டு பிஷப்புகள் கடைசிவரை கையெழுத்துப் போட மறுத்து, ஆரியஸோடு நாடு கடத்தப்பட்டார்கள்.

மற்றவை அன்றாட நிர்வாகம். உயிர்த்தெழுதல் பண்டிகையை எல்லாச் சபைகளும் ஒரே நாளில் கொண்டாடுவது, எகிப்தில் மெலித்தியஸ் என்பவர் தொடங்கிய பிரிவினையைத் தீர்ப்பது, பிஷப்புகள் ஊர் விட்டு ஊர் மாறக்கூடாது, குருமார் வட்டிக்குக் கொடுக்கக்கூடாது, ஞாயிற்றுக்கிழமையில் முழங்காலிடாமல் நின்றுகொண்டு ஜெபிக்க வேண்டும். வந்த பிஷப்புகள் 318 பேர் என்பது மரபு. அது ஆதியாகமம் 14-இல் ஆபிராம் கூட்டிப்போன ஆட்களின் எண்ணிக்கை. நேரில் இருந்த யூசிபியஸ் 250-க்கு மேல் என்கிறார்.

27 புத்தகம்னு முதல்ல பட்டியல் போட்டது யாரு?

தேதி உறுதியாகத் தெரிந்த ஆவணங்களில் முதலாவது, அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியஸ் 367-இல் எழுதிய 39-ஆம் பண்டிகைக் கடிதம். ஆண்டுதோறும் உயிர்ப்புப் பண்டிகை எந்த நாளில் வருகிறது என்று எகிப்துச் சபைகளுக்கு அறிவிப்பது அந்த ஊர் பிஷப்பின் வேலை. அப்படி ஒரு கடிதத்தில்தான் இன்றைய 27 நூல்களும் கூடாமல் குறையாமல் வருகின்றன. வரிசை மட்டும் வேறு: அப்போஸ்தலர் நடபடிகளுக்குப் பிறகு யாக்கோபு, பேதுரு, யோவான், யூதா நிருபங்கள் (கடிதங்கள்), அதற்குப் பிறகே பவுல்.

இதற்கு அப்பால் 'டிடாக்கே' என்ற அப்போஸ்தலர் போதனை நூலையும் 'ஹெர்மாவின் மேய்ப்பன்' நூலையும் அவர் தனியாகக் குறிப்பிடுகிறார். பட்டியலில் சேராது, ஆனால் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வாசிக்கக் கொடுக்கலாம் என்கிறார். அந்தக் கடிதம் எகிப்துக்கு மட்டுமே கட்டளை. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ (393), கார்த்தேஜ் (397) சங்கங்கள் அதே 27-ஐ ஏற்றன. அவையும் வட்டாரச் சங்கங்களே.

அதுவரைக்கும் முந்நூறு வருஷம் பைபிளே இல்லாம சபை நடந்துச்சா?

நடக்கவில்லை. கிரேக்க மொழியில் இருந்த பழைய ஏற்பாடு முதல் நாளிலிருந்தே கையில் இருந்தது. 2-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் இருந்த கிறிஸ்தவப் போதகர் ஜஸ்டின், ஞாயிறு ஆராதனையை விவரிக்கும்போது, அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளையோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளையோ நேரம் இடம் கொடுக்கும்வரை வாசிப்பார்கள், பிறகு தலைவர் பேசுவார் என்கிறார். நற்செய்திகளைத்தான் அவர் நினைவுக் குறிப்புகள் என்கிறார். நூற்றாண்டு ஒன்றுகூட ஆகாத நூல்கள் தீர்க்கதரிசிகளுக்கு இணையாக வாசிக்கப்படுகின்றன. என்னைக் கேட்டால், 'பட்டியல்' உருவான இடம் அந்த ஞாயிறு வாசிப்புதான். சங்கங்கள் வந்தது வெகு காலத்துக்குப் பிறகு.

கி.பி. 200 வாக்கில் நான்கு நற்செய்திகள், நடபடிகள், பவுலின் 13 நிருபங்கள், 1 பேதுரு, 1 யோவான் ஆகியவற்றைப் பற்றிப் பெரும்பாலான சபைகளில் பெரிய தகராறு இல்லை. சண்டை ஓரத்தில் இருந்த ஏழு நூல்களைப் பற்றியது: எபிரெயர், யாக்கோபு, 2 பேதுரு, 2 யோவான், 3 யோவான், யூதா, வெளிப்படுத்தின விசேஷம். மேற்கே எபிரெயரைச் சந்தேகித்தார்கள், கிழக்கே வெளிப்படுத்தலைச் சந்தேகித்தார்கள். 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூசிபியஸ் நூல்களை ஏற்கப்பட்டவை, விவாதத்தில் உள்ளவை, போலி என்று பிரிக்கிறார். வெளிப்படுத்தலை எங்கே வைப்பதென்று தெரியாமல், 'சரியென்று பட்டால்' என்ற குறிப்போடு இரண்டு இடங்களில் எழுதுகிறார். நேர்மையான மனிதர்.

கையெழுத்துப் படிகளிலும் இதைப் பார்க்கலாம். பவுல் நிருபங்கள் அடங்கிய மிகப் பழைய பப்பைரஸ் நூல் ஒன்றில் 86 தாள்கள் எஞ்சியிருக்கின்றன. சில டப்ளினில், சில மிச்சிகனில். ஏறத்தாழ கி.பி. 200-ஐச் சேர்ந்தது. அதில் எபிரெயர், ரோமருக்கு அடுத்தே இருக்கிறது. மேற்கே தயங்கிய நூலை எகிப்தில் பவுலின் இரண்டாவது கடிதமாகவே படித்திருக்கிறார்கள்.

அம்பது சுவிசேஷம் இருந்துச்சாமே, நாலு மட்டும் ஏன்?

நற்செய்தி என்ற பெயரில் பல நூல்கள் இருந்தது உண்மை: தோமா, பேதுரு, மரியா, பிலிப்பு, யூதாஸ், இன்னும் சில. ஆனால் எல்லாம் ஒரே வயதுடையவை அல்ல. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நான்கையும் பெரும்பாலான ஆய்வாளர்கள் 1-ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். மற்றவற்றைப் பெரும்பாலும் 2-ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பிறகோ வைக்கிறார்கள்.

180 வாக்கில் லியோன் நகர பிஷப் இரேனியஸ், நான்குக்கு மேலும் கூடாது, கீழும் கூடாது என்று எழுதினார். உலகுக்கு நான்கு திசை, நான்கு காற்று இருப்பதுபோல் நற்செய்தியும் நான்கு என்பது அவர் சொன்ன காரணம். இன்று அது நமக்கு எடுபடாது. ஆனால் அப்படி ஒரு காரணத்தைத் தேடி அவர் சொல்கிறார் என்றால், நான்கு என்பது அவர் வட்டாரத்தில் அதற்கு முன்பே வழக்கமாகிவிட்டது என்றே நான் படிக்கிறேன். அதே காலத்தில் சிரியாவில் தத்தியன் என்பவர் நான்கையும் பிசைந்து ஒரே கதையாக்கினார். அவர் கையிலும் இருந்தவை அதே நான்கு. அந்தத் தொகுப்பு சிரியாவில் அவ்வளவு பிரபலமாக இருந்ததால், 5-ஆம் நூற்றாண்டில் தியோதரெத் என்ற பிஷப் தம் மறைமாவட்டத்தில் 200-க்கு மேற்பட்ட படிகளை அகற்றி, தனித்தனி நற்செய்திகளை வைக்க வேண்டியிருந்தது.

முதல் பட்டியல் போட்டதே ஒரு கள்ளப் போதகர்னு படிச்சேன். நிஜமா?

மார்சியனைச் சொல்கிறீர்கள். கருங்கடல் கரையிலுள்ள சினோப்பே ஊர்க்காரர், கப்பல் உரிமையாளர். ரோமச் சபைக்கு 2,00,000 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) காணிக்கை கொடுத்தார். 144 வாக்கில் உறவு முறிந்தபோது சபை அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்பது அவர் போதனை. அதற்கேற்ப வெட்டிய லூக்கா நற்செய்தியும் பவுலின் பத்து நிருபங்களும் மட்டுமே அவருடைய வேதம்.

மூடிய பட்டியல் ஒன்றை நமக்குத் தெரிந்து முதலில் வைத்தவர் அவர்தான். அவரைப் பார்த்துத்தான் சபை பட்டியல் போட்டது என்று ஒரு காலத்தில் ஆய்வாளர்கள் உறுதியாகச் சொன்னார்கள். இன்று அவ்வளவு தூரம் போவதில்லை. அவர் வெட்டுவதற்கே நூல்களும் தொகுப்புகளும் ஏற்கெனவே இருந்திருக்க வேண்டுமல்லவா? அவர் கேள்வியை அவசரமாக்கினார் என்பது என் கணிப்பு.

ஒரு பிஷப் 'இதைப் படிக்காதே'ன்னு சொன்னா அவ்வளவுதானா? எந்த அடிப்படையில தள்ளினாங்க?

இதற்கு நல்ல சான்று ஒன்று யூசிபியஸின் சபை வரலாற்றில் இருக்கிறது. 200-ஐ ஒட்டிய காலம். அந்தியோகியா பிஷப் செராபியோன், ரோசஸ் என்ற சிற்றூர்ச் சபைக்குப் போகிறார். அங்கே 'பேதுரு நற்செய்தி' என்ற நூலை வாசிப்பதா வேண்டாமா என்று சச்சரவு. அவர் அந்த நூலைப் படிக்காமலே, இதுதான் உங்கள் பிரச்சினை என்றால் வாசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார். பிறகு அந்தக் குழுவின் போதனை வேறு பக்கம் போகிறது என்று கேள்விப்பட்டு, நூலை வாங்கிப் படிக்கிறார். பெரும்பகுதி சரியான போதனைதான், ஆனால் சில இடங்கள் சேர்க்கப்பட்டவை என்று கண்டு, அந்த இடங்களை எடுத்தெழுதி அனுப்புகிறார். பேதுருவையும் மற்ற அப்போஸ்தலரையும் கிறிஸ்துவைப் போலவே ஏற்கிறோம், ஆனால் அவர்கள் பெயரைப் பொய்யாகச் சுமக்கும் எழுத்துகளைத் தள்ளுகிறோம், அவற்றை நாம் பெற்றுக்கொள்ளவில்லை என்பது அவர் வாதம்.

பின்னாளில் நூல்களுக்கு வைக்கப்பட்ட அளவுகோல்கள் மூன்றும் இந்த ஒரு சம்பவத்திலேயே இருக்கின்றன. அப்போஸ்தலரிடமிருந்தோ அவர்களுக்கு நெருங்கியவர்களிடமிருந்தோ வந்ததா? சபை அறிந்த விசுவாசத்தோடு ஒத்துப்போகிறதா? முன்னோரிடமிருந்து கைமாறி வந்ததா? அதோடு, பேதுரு பெயரில் இருந்த ஒரு நூலை வாசிக்க ஒரு பிஷப் சற்றும் பதறாமல் அனுமதித்தார் என்பதையும் கவனியுங்கள். அன்று கதவு இன்னும் இறுக மூடவில்லை. அந்த நூலின் ஒரு பகுதி 1886-87 குளிர்காலத்தில் எகிப்தின் அக்மீமில் ஒரு கல்லறையில் கிடைத்தது.

மிலான் நூலகத்தில் முரத்தோரி கண்டெடுத்து 1740-இல் வெளியிட்ட லத்தீன் பட்டியலிலும் இதே மனப்போக்கு. ஹெர்மாவின் மேய்ப்பன் நல்ல நூல்தான், ஆனால் நம் காலத்தில், அண்மையில் எழுதப்பட்டது, அதனால் சபையில் பொதுவாக வாசிக்கக்கூடாது என்கிறது. பேதுருவின் வெளிப்பாடு என்ற நூலைப் பற்றி, எங்களில் சிலர் அதைச் சபையில் வாசிக்க விரும்புவதில்லை என்று ஒளிக்காமல் எழுதுகிறது. இந்தப் பட்டியலைப் பலர் 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைக்கிறார்கள், சிலர் 4-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள்.

தோமா சுவிசேஷத்தை ஏன் மறைச்சாங்க? ஜெயிச்சவங்க எழுதினதுதானே வரலாறு?

1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே, ஜாடிக்குள் புதைத்து வைக்கப்பட்ட காப்டிக் மொழிக் கையெழுத்து நூல்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் தோமா நற்செய்தி முழுமையாக இருந்தது: இயேசுவின் 114 கூற்றுகள். சிலுவை, உயிர்த்தெழுதல் என்று கதையாக எதுவும் இல்லை. பாதிக்கு மேல் மத்தேயு, மாற்கு, லூக்கா படித்தவர்களுக்குப் பழகிய வசனங்கள். சிறையிலடைக்கப்பட்ட ரகசியம் ஒன்றும் அங்கே இல்லை. இன்று மொழிபெயர்ப்பு எளிதாகக் கிடைக்கும், படித்துப் பாருங்கள்.

கேள்வியின் இரண்டாம் பாதியில் நியாயம் உண்டு. 1934-இல் வால்டர் பவுர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், பல வட்டாரங்களில் பின்னாளில் 'தவறான போதனை' என்று ஒதுக்கப்பட்டதுதான் முதலில் வேரூன்றியிருந்தது, ரோமச் சபை தன் செல்வாக்கால் மற்றதை நிலைநாட்டியது என்று வாதிட்டார். அவருடைய எகிப்துச் சான்றுகள் பலவீனமானவை என்று பிறகு பலர் காட்டினார்கள். ஆதிச் சபை ஒரே குரலில் பேசியது என்ற பழைய சித்திரம் மட்டும் திரும்பி வரவில்லை, அது நல்லதே. இன்னொன்றும் தெரிந்தது. எதிராளிகளைப் பற்றி இரேனியஸ் எழுதியது எல்லாம் அவதூறாகத்தான் இருக்கும் என்று நினைத்தவர்கள், நாக் ஹம்மாதியில் கிடைத்த யோவானின் ரகசிய நூலை அவருடைய விவரத்தோடு ஒப்பிட்டார்கள். அதன் ஒரு பகுதியை அவர் கிட்டத்தட்ட அப்படியே சுருக்கித் தந்திருக்கிறார். வசைமொழி அவருடையது, தகவல் பெரிதும் சரியானது.

கான்ஸ்டன்டைன் ராஜாதானே இயேசுவைக் கடவுளாக்கினார்?

நிசேயா இருக்கும் அதே பித்தினியா மாகாணத்தில், சங்கத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன், 112 வாக்கில் பிளினி என்ற ரோம ஆளுநர் பேரரசர் திராயானுக்கு எழுதினார்: இந்தக் கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள். எழுதியவர் கிறிஸ்தவர் அல்லர், அவர்களை விசாரித்துத் தண்டித்தவர். அதற்கும் முன்னால் பிலிப்பியர் 2-இல், கிறிஸ்துவைக் கடவுளின் ரூபமாயிருந்தவர் என்று பவுல் எடுத்தாளும் பாடலைப் பாருங்கள். நிசேயாவில் நடந்தது, அந்த வழிபாட்டை எந்தச் சொற்களில் சொன்னால் பொருந்தும் என்ற விவாதம். ஆரியஸும் கிறிஸ்துவை வணங்கியவரே.

பேரரசர் சங்கத்தைக் கூட்டினார், செலவு செய்தார், நெருக்கடியும் கொடுத்தார். அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் கோட்பாட்டை அவர் நினைத்தபடி வளைத்தார் என்றால் பின்கதை இடிக்கிறது. சில ஆண்டுகளிலேயே அவர் ஆரியஸைத் திரும்ப அழைத்தார், 335-இல் அத்தனாசியஸைத் திரியருக்கு நாடு கடத்தினார், 337-இல் மரணப் படுக்கையில் ஆரியஸ் ஆதரவாளரான நிக்கொமேதியா யூசிபியஸின் கையில் ஞானஸ்நானம் பெற்றார். அவர் மகன் கான்ஸ்டான்டியஸ் நிசேயாவுக்கு எதிராகவே ஆட்சி செய்தார். 381-இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தில்தான் நிசேயா நிலைபெற்றது.

அவர் 50 பைபிள்கள் எழுதச் சொன்னது உண்மை. தலைநகரின் புதிய ஆலயங்களுக்குத் தோல் தாளில், தேர்ந்த எழுத்தர்களைக் கொண்டு எழுதுங்கள் என்கிறது அவர் சபை வரலாறு எழுதிய செசரியா யூசிபியஸுக்கு அனுப்பிய கடிதம். எந்தெந்த நூல்கள் என்று அதில் ஒரு வரி கூட இல்லை.

பேதுரு, பவுல், யோவான் பேர்ல இருக்கிறதெல்லாம் அவங்களே எழுதினதா?

ரோமர், 1, 2 கொரிந்தியர், கலாத்தியர், பிலிப்பியர், 1 தெசலோனிக்கேயர், பிலேமோன் ஆகிய ஏழும் பவுலுடையவை என்பதில் ஆய்வாளர்களிடையே ஏறக்குறைய ஒருமித்த கருத்து. தீமோத்தேயு, தீத்து நிருபங்களைப் பலர் அவர் சீடர் வட்டத்துக்குக் கொடுக்கிறார்கள். 2 பேதுருவைப் பற்றிய சந்தேகம்தான் மிகப் பெரியது. நான்கு நற்செய்திகளும் தங்கள் ஆசிரியர் பெயரை நூலுக்குள் சொல்வதில்லை.

இந்தக் கேள்வியை நவீன நாத்திகம் கொண்டுவந்தது என்று சிலர் கோபப்படுகிறார்கள். அவர்கள் அலெக்சாந்திரிய வேத அறிஞர் ஓரிஜனைப் படிக்க வேண்டும். 3-ஆம் நூற்றாண்டிலேயே அவர், எபிரெயர் நிருபத்தின் கருத்து பவுலுடையது போலிருக்கிறது, நடை அவருடையதல்ல, எழுதியது யாரென்று கடவுளுக்கே தெரியும் என்றார். அதே நூற்றாண்டில் அலெக்சாந்திரியா பிஷப் தியோனிசியஸ், யோவான் நற்செய்தியின் கிரேக்கத்தையும் வெளிப்படுத்தலின் கிரேக்கத்தையும் சொல் சொல்லாக ஒப்பிட்டு, இரண்டும் ஒருவர் எழுதியவையல்ல என்று முடிவு கட்டினார். பவுல் பெயரில் கதை புனைந்த ஆசியா மாகாண மூப்பர் ஒருவர், பவுல் மேலுள்ள அன்பினால் செய்தேன் என்று ஒப்புக்கொண்டு பதவி இழந்ததை வட ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் பதிவு செய்கிறார்.

பிஷப்புக்கு அந்த அதிகாரம் எங்கேயிருந்து வந்தது?

ஒரே நாளில் வரவில்லை, எல்லா ஊரிலும் ஒரே மாதிரியும் வரவில்லை. டிடாக்கேயைப் படித்தால் ஊர் ஊராகச் சுற்றும் தீர்க்கதரிசிகளே முன்னணியில் இருக்கிறார்கள். சபைக்கு அவர்களை எப்படிச் சோதிப்பதென்ற கவலை. ஒரு நாள் தங்கலாம், தேவையென்றால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த ஊர் போய்ச் சேரும்வரைக்கும் அப்பம் வாங்கிக்கொள்ளலாம், பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி. நம் ஊர்ச் சபைகளில் இதை வாசித்துக் காட்டும்போது அரங்கம் சட்டென்று நிமிர்ந்து உட்காருகிறது. அதே நூல் கடைசியில், உங்களுக்காகக் கண்காணிகளையும் உதவிக்காரரையும் நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்கிறது.

1-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமச் சபை கொரிந்துவுக்கு எழுதிய கடிதம், 1 கிளமெந்து, மூப்பர்களைப் பதவியிறக்கியதைக் கண்டிக்கிறது. அதில் தனி பிஷப் ஒருவர் கண்ணில் படவில்லை. சில ஆண்டுகள் கழித்து, மரண தண்டனைக்காக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட அந்தியோகியா இக்னேஷியஸ் வழியெல்லாம் கடிதம் எழுதுகிறார், பிஷப் இல்லாமல் எதையும் செய்யாதீர்கள் என்று வற்புறுத்துகிறார். அவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே, பிஷப் இல்லாமல் செய்தவர்கள் இருந்தார்கள் என்று காட்டுகிறது. ரோமச் சபைக்கு எழுதிய கடிதத்தில் மட்டும் அந்த ஊர் பிஷப்பைப் பற்றி அவர் பேசவேயில்லை.

இரேனியஸ் இதற்கு ஒரு வாதம் கொடுத்தார். ரகசிய போதனை எங்களிடம் இருக்கிறது என்று பலர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அப்போஸ்தலர் அப்படி ஏதாவது சொல்லியிருந்தால், தாங்கள் சபைகளை ஒப்படைத்தவர்களிடம் சொல்லாமலா இருந்திருப்பார்கள் என்று கேட்டு, ரோமின் பிஷப்புகளை லீனுவிலிருந்து தம் காலத்து எலுத்தேரு வரை வரிசையாகப் பெயர் சொல்கிறார். அவருக்கு அது வெறும் பட்டியலாக இருந்திருக்காது. சிறுவயதில் ஸ்மிர்னாவில், அப்போஸ்தலரை நேரில் அறிந்தவர் என்று சொல்லப்படும் முதியவரான போலிகார்ப் பேசியதை அவர் காதால் கேட்டவர்.

ஆரம்பத்திலேருந்தே ரோம் போப் சொன்னதுதானே கடைசி வார்த்தை?

மரியாதை ஆரம்பத்திலிருந்தே உண்டு. பேதுருவும் பவுலும் சாட்சியாக மரித்த ஊர் என்பதால் இரேனியஸ் அதை மாதிரிச் சபையாக எடுத்துக்காட்டுகிறார். கடைசி வார்த்தையா என்றால், சான்றுகள் அவ்வளவு தூரம் வரவில்லை. 190 வாக்கில் ரோம பிஷப் விக்டர், உயிர்ப்புப் பண்டிகையை யூதரின் நீசான் 14-ஆம் நாளில் கொண்டாடிய ஆசியச் சபைகளை ஐக்கியத்திலிருந்து நீக்க முனைந்தார். எபேசு பிஷப் பொலிக்கிரதேஸ் பணியவில்லை. இரேனியஸே விக்டருக்கு அறிவுரை எழுதினார். 256-இல் கார்த்தேஜில் அந்த ஊர் பிஷப் சிப்ரியன் தலைமையில் 87 பிஷப்புகள் கூடி, பிரிந்துபோன குழுக்களில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மறுபடி கொடுக்க வேண்டுமா என்ற விஷயத்தில் ரோம பிஷப் ஸ்தேவானுக்கு எதிராக முடிவெடுத்தார்கள். காலப்போக்கில் மேற்கே ரோமின் நடைமுறையே நிலைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உலகத்துல எல்லா சபைக்கும் இதே 27 தானா?

இல்லை. சிரியக் மொழிச் சபைகளின் பெஷித்தா வேதத்தில் முதலில் 22 நூல்களே இருந்தன. 2 பேதுரு, 2, 3 யோவான், யூதா, வெளிப்படுத்தல் இல்லை. கேரளத்தின் தோமா கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகளாக வாசித்தது இந்த சிரியக் வேதத்தைத்தான். 1599-இல் கோவா பேராயர் மெனேசிஸ் கூட்டிய உதயம்பேரூர் சங்கம், விடுபட்ட நூல்களை அவர்களுடைய படிகளில் சேர்க்கும்படி ஆணையிட்டது. அதாவது, அத்தனாசியஸ் கடிதத்துக்கு 1,200 ஆண்டுகளுக்குப் பிறகும் நமக்கு அடுத்த வீட்டில் 22 நூல்களோடு ஒரு சபை நிறைவாக வாழ்ந்தது.

எத்தியோப்பியச் சபை மொத்தம் 81 நூல்கள் என்று எண்ணுகிறது, அதில் ஏனோக்கின் நூலும் உண்டு. ஜெர்மன் சீர்திருத்தவாதி லூத்தர் 1522-இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் நான்கையும் கடைசியில் தள்ளி, பொருளடக்கத்தில் எண் கொடுக்காமல் விட்டார்.

கத்தோலிக்க பைபிள்ல 73, எங்க பைபிள்ல 66. யார் சேர்த்தாங்க, யார் எடுத்தாங்க?

இந்த வித்தியாசம் முழுக்கப் பழைய ஏற்பாட்டில். புதிய ஏற்பாடு இருவருக்கும் 27. தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்றவை கிரேக்கப் பழைய ஏற்பாட்டோடு வந்தவை. ஜெரோம் எபிரேயத்தில் உள்ளதே வேதம் என்றார், ஹிப்போ பிஷப் அகுஸ்தீன் மற்றவற்றையும் ஏற்றார். கார்த்தேஜ் 397 அகுஸ்தீன் பக்கம். கத்தோலிக்கச் சபை 1546 ஏப்ரல் 8-இல் திரெந்து சங்கத்தில் அதை மாற்ற முடியாத தீர்மானமாக்கியது. லூத்தரின் 1534 பைபிளும் ஆங்கிலேயரின் 1611 பைபிளும் இவற்றைத் தனிப் பகுதியாக அச்சிட்டன. 1826-இல் பிரிட்டிஷ் வெளிநாட்டு வேதாகமச் சங்கம் இவற்றை அச்சிடப் பணம் தருவதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் சீர்திருத்தச் சபையாரின் வீடுகளிலிருந்து இவை பெரும்பாலும் மறைந்தன.

தோமா இந்தியாவுக்கு வந்தது தள்ளுபடி நூல்லதானே இருக்கு? அப்போ பொய்யா?

தள்ளுபடி என்றால் ஆராதனையில் வேதமாக வாசிக்க ஏற்கவில்லை என்பதே பொருள். அதில் வரலாறு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. 'தோமாவின் நடபடிகள்' 3-ஆம் நூற்றாண்டில் எதேசா வட்டாரத்தில் சிரியக்கில் எழுதப்பட்டது. குந்தபார் என்ற அரசன் அரண்மனை கட்டப் பணம் கொடுக்கிறான், தோமா அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, உன் அரண்மனை பரலோகத்தில் எழும்புகிறது என்கிறார். குந்தபார் கற்பனைப் பெயர் என்று நினைத்திருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பகுதிகளில் கிடைத்தன. 1-ஆம் நூற்றாண்டில் ஆண்டவன்தான்.

அரசன் உண்மை என்பதால் கதை முழுவதும் உண்மையாகிவிடாது. அந்த அரசன் ஆண்டது வடமேற்கில். தோமா சென்னையில் மரித்து அடக்கம் செய்யப்பட்டார் என்ற மயிலாப்பூர் மரபு கேரளத்துப் பாடல்களையும், 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிய கல்லறைக் குறிப்பு போன்ற பயணியர் சான்றுகளையும் சார்ந்தது. மயிலாப்பூர், பரங்கிமலை மரபின் சாட்சியத்தைத் தோமாவின் நடபடிகளோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டாமல் தனித்தனியே எடைபோடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

சபைதானே பைபிளை உண்டாக்குச்சு? அப்போ பைபிளுக்கு மேல சபைக்குத்தானே அதிகாரம்?

கத்தோலிக்கர், நூல்களை இனங்காண அதிகாரமுள்ள ஒரு சபை தேவைப்பட்டதே என்பார்கள். சீர்திருத்தச் சபையார், சபை ஏற்கெனவே இருந்த அதிகாரத்தை அடையாளம் கண்டது, உண்டாக்கவில்லை என்பார்கள். கல்வின் இதை மிகக் கூர்மையாக எழுதினார். ஆர்த்தடாக்ஸ் சபையார், வேதமும் மரபும் ஒரே வாழ்வின் பகுதிகள், ஒன்றை ஒன்றுக்கு மேலே வைக்கும் கேள்வியே தவறு என்பார்கள்.

ஆவணங்களை வைத்துப் பார்த்தால், கார்த்தேஜ் பிஷப்புகள் பட்டியலுக்குக் கொடுத்த காரணம் 'இவற்றைச் சபையில் வாசிக்க வேண்டுமென்று பிதாக்களிடமிருந்து பெற்றோம்' என்பது. நாங்கள் தேர்ந்தெடுத்தோம் என்று அவர்கள் சொல்லவில்லை. கடல் கடந்த சபையிடமும் கேட்டு உறுதி செய்துகொள்வோம் என்றும் சேர்க்கிறார்கள். மேலே சொன்ன செராபியோனையும் இரேனியஸையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். செராபியோன் சபையின் விசுவாசத்தை வைத்து ஒரு நூலை எடை போடுகிறார். இரேனியஸ் நூல்களை வைத்துப் போதகர்களை எடை போடுகிறார். இருவரும் ஒரே தலைமுறை. நூல், விசுவாச அறிக்கை, பிஷப் வரிசை மூன்றும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டே வளர்ந்தன. எது முதலில் என்று பிரித்தெடுக்க 2-ஆம் நூற்றாண்டின் சான்றுகள் இடம் கொடுக்கவில்லை என்பதே என் நிலைப்பாடு.

இப்ப பவுல் எழுதின புதுக் கடிதம் ஒண்ணு தோண்டி எடுத்தா பைபிள்ல சேர்ப்பாங்களா?

அப்படிக் கடிதங்கள் இருந்தன. 1 கொரிந்தியர் 5:9-இல் முன்பு எழுதிய ஒன்றைப் பவுலே சொல்கிறார், கொலோசெயர் 4:16-இல் லவோதிக்கேயாவிலிருந்து வரும் கடிதத்தை வாசிக்கச் சொல்கிறார். இந்த வெற்றிடத்தை நிரப்ப யாரோ பவுலின் வரிகளைத் துண்டு துண்டாக ஒட்டி லவோதிக்கேயர் நிருபம் ஒன்று தயாரித்தார்கள். எல்லாரும் தள்ளிய நூல் என்று ஜெரோம் எழுதியும், 546-ஐச் சேர்ந்த புகழ்பெற்ற லத்தீன் கையெழுத்துப் படியில் அது இருக்கிறது. லூத்தருக்கு முந்தைய ஜெர்மன் அச்சு பைபிள்களிலும் இருந்தது.

மெய்யான கடிதமே கிடைத்தாலும் மேலே சொன்ன மூன்று அளவுகோல்களில் இரண்டைத்தான் அது தாண்டக்கூடும். பவுல் எழுதியதா என்று மொழியறிஞர்கள் சொல்லிவிடலாம், போதனை ஒத்துப்போகிறதா என்று இறையியலாளர் சொல்லிவிடலாம். தலைமுறை தலைமுறையாகச் சபையில் வாசிக்கப்பட்டு வந்ததா என்ற மூன்றாவதுக்கு அதனிடம் பதில் இருக்காது. எல்லாச் சபையாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்கும் சங்கமும் இன்று இல்லை. ஆய்வாளர்கள் அதைக் கொண்டாடுவார்கள், போதகர்கள் மேற்கோள் காட்டுவார்கள், ஞாயிறு வாசிப்பில் அது வராது.